கல்லடிப் பாலமும் இரட்டைச் செயலிக் கணனியும்

கணனி வைத்திருக்கும் ஒவ்வொரு காரியாலயமும், பாடசாலையும், அச்சகமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கேள்வியின் முன் வந்து நிற்கின்றன. இருப்பதை மேம்படுத்துவதா, இன்னொன்றை வாங்குவதா? ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளைப் பொருத்தக்கூடிய கணனிகளில் இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது. "இப்போது ஒரு செயலியோடு வாங்குங்கள். வேலை பெருகும்போது இன்னொன்றைப் பொருத்திக்கொள்ளலாம்" என்று சொல்லித்தான் அவற்றை விற்றார்கள். கேட்பதற்கு நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் பலித்தது என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வரலாறு எளிதில் விளங்கும். இதே கேள்விக்குப் பாலத்திலும் தோணித்துறையிலும் விடை தேடியவர்கள் நாங்கள்.

முதலில் பாலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டுக்குரியது. அப்போதைய ஆளுநர் சேர் வில்லியம் மன்னிங்கின் துணைவியார் பெயரால் அதற்கு லேடி மன்னிங் பாலம் என்று பெயர். நிலாக்கால இரவுகளில் மீன் பாடுவதைக் கேட்கப் பலரும் தோணி கட்டி இருந்தது இந்தப் பாலத்தின் அடியில்தான். பாலத்தில் ஒரு வாகனம் செல்லும் அகலமே உண்டு. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று தெற்கே செல்லும் நெடுஞ்சாலை முழுவதும் இந்த ஒற்றை வழிக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஒரு கரை வாகனங்கள் வந்து முடியும் வரையில் மறுகரை வாகனங்கள் காத்து நிற்கும். மாட்டு வண்டிகளும் சில மோட்டார் வண்டிகளும் ஓடிய காலத்துக்கு அது போதும். பிற்காலத்துக்குப் போதவில்லை.

அந்தப் பாலத்தையே அகலமாக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இரும்புப் பாலத்தின் இரு பக்கச் சட்டங்களுக்கு இடையிலுள்ள தூரம் அது கட்டப்பட்ட நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நீருக்குள் நிற்கும் தூண்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் அப்படியே. அகலமாக்குவதென்றால் சட்டத்தையும் தூணையும் மாற்ற வேண்டும். மாற்றினால் அது பழைய பாலம் அல்ல. அதற்கும் மேலாக, வேலை முடியும் வரை போக்குவரத்தை நிறுத்த வேண்டும். ஆகவே பழையதன் பக்கத்திலேயே ஜப்பானிய உதவியுடன் இன்னொரு பாலம் எழுந்தது. 2013 மார்ச்சில் அது திறக்கப்பட்டது. பழைய பாலத்தை இடிக்கவில்லை. பாரத்தைப் புதியது ஏற்றுக்கொண்டது. பழையது இலேசான கடமையோடு பக்கத்தில் நின்றது.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. எந்தப் பொருளும் எவ்வளவு தூரம் விரியலாம் என்ற எல்லை அது பிறக்கும்போதே குறிக்கப்படுகிறது. விரிக்கும் வேலை நடக்கும்போது வழக்கமான வேலை நின்றுவிடுகிறது. அந்த நட்டமும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். மூன்றாவது செய்தி அதிகம் கவனிக்கப்படாதது. இரண்டாவது பாலம் பயன் தந்ததற்குக் காரணம், ஒரு பாலத்தில் செல்லும் பஸ் மற்றப் பாலத்தில் செல்லும் லொறியோடு எதுவும் பேச வேண்டியதில்லை என்பதுதான். கணனியில் நிலைமை எப்போதும் அப்படி இருப்பதில்லை.

பெரியதே மலிவு என்ற காலம்

கணனியின் தொடக்க காலத்தில் இந்தக் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை இருந்தது. ஹேர்ப் குரோஷ் என்ற அமெரிக்கர் 1953இல் ஒரு விதியைச் சொன்னார். கணனிக்குச் செலவிடும் பணத்தை இரட்டிப்பாக்கினால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது அதன் சாரம். அப்படியானால் இரண்டு சிறிய கணனிகளை வாங்குபவர் ஏமாளி. ஒரு பெரிய கணனியை வாங்குபவரே கெட்டிக்காரர். பல ஆண்டுகள் கணனி உலகம் இந்த விதியின்படியே நடந்தது.

1962இல் பரோஸ் நிறுவனம் அமெரிக்கப் படைத்துறைக்காக உருவாக்கிய டி825 என்ற கணனியில் நான்கு செயலிகள் வரை ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7ஆம் திகதி சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. ஒரே மென்பொருள் சிறிய கணனியிலும் பெரிய கணனியிலும் இயங்கும் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. அதற்கு முன்னர் பெரிய கணனிக்கு மாறுவதென்றால் எழுதிய நிரல்களையும் பெரும்பாலும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. "மேம்படுத்தல்" என்ற சொல்லுக்கு வணிகப் பொருள் கிடைத்தது இந்த வரிசைக்குப் பின்னர்தான் எனலாம்.

ஆனால் மேம்படுத்தலின் விலை, போடும் பொருளின் விலை அல்ல என்பதும் இங்கே தொடங்குகிறது. இன்றும் ஐ.பி.எம்.மின் பெருங்கணனிகள் பலவற்றில், வாங்கியவர் பணம் கட்டாத செயலிகளும் உள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கின்றன. மேலதிக ஆற்றல் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்த வேண்டும். பின்னர் ஒரு குறியீட்டின் மூலம் அவை எழுப்பப்படும். எந்த உதிரிப்பாகமும் லொறியில் வந்து இறங்குவதில்லை. வாங்கியவர் கொடுப்பது அனுமதிக்கான விலை. இந்த விலையைத் தீர்மானிப்பவர் விற்பவர். வேறொரு கணனிக்கு மாறினால் வாங்குபவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அறிந்தே அவர் அதைத் தீர்மானிக்கிறார்.

சிஸ்டம்/360இன் தலைமை வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜீன் அம்டால், 1967இல் ஒரு மாநாட்டில் இன்னொரு எச்சரிக்கையை வைத்தார். எந்த வேலையிலும் பங்கு பிரிக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். அந்தப் பகுதி நான்கில் ஒன்று என்று கொள்வோம். இரண்டு செயலிகள் போட்டால் வேகம் 2 மடங்காகாது; 1.6 மடங்குதான் ஆகும். நான்கு போட்டால் ஏறத்தாழ 2.3 மடங்கு. ஆயிரம் போட்டாலும் 4 மடங்கைத் தொட முடியாது. பத்துப் பேர் வயலில் இறங்கினாலும் நெல் விளைய மூன்று நான்கு மாதம் எடுக்கத்தானே செய்யும்! இந்தக் கணக்கைப் பார்க்காமல் இரண்டாவது செயலிக்குப் பணம் கொடுப்பவர், இரட்டிப்பு விலைக்கு அரை மடங்கு மேலதிக வேகத்தை வாங்குகிறார்.

ஒரே நிறுவனம், இரண்டு விடைகள்

1980களின் தொடக்கத்தில் டிஜிட்டல் இக்யுப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது சுவையானது. வாக்ஸ் என்ற அதன் கணனிகள் அன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பரவியிருந்தன. 1982இல் அது வாக்ஸ் 11/782 என்ற இரட்டைச் செயலிக் கணனியைக் கொண்டுவந்தது. இரண்டு செயலிகள், ஒரே நினைவகம். ஆனால் வட்டிலிருந்து படிப்பது, அச்சிடுவது போன்ற வேலைகளை முதலாவது செயலி மட்டுமே செய்தது. இரண்டாவது வெறும் கணக்குப் போடும் உதவியாளர். எப்போதும் கணக்குப் போடும் வேலையே உள்ள இடங்களில் அது பயன் தந்தது. மற்ற இடங்களில் இரண்டாவது செயலி பெரும்பாலும் முதலாவதற்காகக் காத்திருந்தது. அடுத்த ஆண்டான 1983இல் அதே நிறுவனம் வாக்ஸ் கொத்து என்ற வேறொரு வழியை அறிவித்தது. தனித்தனிக் கணனிகளை இணைத்து, வட்டுகளைப் பகிர வைக்கும் முறை அது. ஒரு கணனி பழுதானாலும் மற்றவை வேலை செய்யும். தேவை கூடினால் இன்னொன்றைச் சேர்க்கலாம். பழையதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரே கேள்விக்கு ஒரே கடையில் இரண்டு விடைகள் விற்பனைக்கு வந்த காலம் அது.

இந்த இரண்டு விடைகளின் வேறுபாட்டை வாவியின் துறைகளில் வைத்துப் பார்க்கலாம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே மண்முனைத்துறையில் 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்படும் வரையில் ஆட்களையும் வண்டிகளையும் கடத்தியது "பாதை" என்று நாங்கள் அழைக்கும் மிதவை. துறை ஒன்று, பாதையும் ஒன்று. கூட்டம் பெருகினால் அதே துறைக்கு இரண்டாவது பாதையைக் கொண்டுவரலாம். ஆனால் ஏறி இறங்கும் இடம் ஒன்றே என்பதால், ஒன்று ஆட்களை இறக்கி முடியும் வரை மற்றது தண்ணீரில் காத்து நிற்கும். மூன்றாவது பாதை வந்தால் காத்திருப்பு இன்னும் கூடும். ஒரே நினைவகத்தைப் பகிரும் செயலிகளின் நிலை இதுதான். துறைதான் நினைவகத்துக்குச் செல்லும் வழி. மாறாக, வாவியின் வேறோர் இடத்தில் இன்னொரு துறையும் இன்னொரு பாதையும் ஏற்படுத்தினால் நெருக்கடி தீரும். ஆனால் அங்கே இறங்கியவர் இங்கே இறங்கியவரைச் சந்திக்க வேண்டுமென்றால் நெடுந்தூரம் நடக்க வேண்டும். தனித்தனிக் கணனிகளை வலையமைப்பால் இணைக்கும்போது கொடுக்கும் விலை அந்த நடைதான்.

மேசைக் கணனிக்கு வந்த இரட்டைச் செயலி

1989இல் கொம்பக் நிறுவனத்தின் சிஸ்டம்புரோ, இரண்டு செயலிகளைப் பொருத்தக்கூடிய வழங்கியாக வந்தது. 1993இல் விண்டோஸ் என்.டி.யும் 1996இல் லினக்ஸ் 2.0வும் பல செயலிகளைப் பயன்படுத்தத் தொடங்கின. 1999இல் அபிட் நிறுவனத்தின் பி.பி.6 என்ற தாய்ப்பலகை, மலிவான இரண்டு செலரோன் செயலிகளை ஒன்றாக ஓட்ட வழி செய்தது. ஆயினும் அன்று எமது பகுதிகளில் பரவலாக இருந்த விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்கு இரண்டாவது செயலி இருப்பதே தெரியாது. பணம் கொடுத்து வாங்கிப் பொருத்தினாலும் அது சும்மா சூடாகிக்கொண்டிருக்கும்.

நான் பணியாற்றிய ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் இப்படிப்பட்ட வழங்கி ஒன்று இருந்தது. இரண்டு செயலிகளுக்கு இடம்; ஒன்றே பொருத்தப்பட்டிருந்தது. பிற்காலத்தில் மற்றதை வாங்கலாம் என்பது நிருவாகத்தின் எண்ணம். சில ஆண்டுகள் கழித்து, பக்கங்கள் வெளியீட்டுக்குச் செல்லும் இரவு நேரங்களில் எல்லாமே மந்தமாகியது. இரண்டாவது செயலிக்கு விலை கேட்டார்கள். முதலாவதன் அதே வகை, அதே வேகத்தில் வேண்டும். தயாரிப்பு நின்றுபோன பொருள் என்பதால் கொழும்புக் கடைகளில் கிடைப்பதே அரிது. கிடைத்த இடத்தில் சொன்ன விலை ஒரு புதிய மேசைக் கணனியின் விலையை நெருங்கியது. எமது கணனித் தொழில்நுட்பவியலாளர் வேறொன்று சொன்னார். மந்தத்துக்குக் காரணம் செயலியின் பற்றாக்குறை அல்ல. பக்கங்களை அச்சுப் படமாக மாற்றும் வேலையும், செய்தியாளர்களின் கோப்புகளைக் காக்கும் வேலையும் ஒரே வட்டோடு மல்லுக்கட்டுவதுதான். ஒரு சாதாரண மேசைக் கணனியை வாங்கி, பக்கங்களை மாற்றும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்தார்கள். அன்றிரவே பத்திரிகை நேரத்துக்கு அச்சேறியது. வழங்கியின் இரண்டாவது செயலிக்குரிய இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது.

உலகெங்கும் பல காரியாலயங்களில் நடந்த கதை இது. செயலியின் தலைமுறை மாறும்போது அதைப் பொருத்தும் குழியும் மாறுகிறது. குழி மாறினால் தாய்ப்பலகை மாற வேண்டும். பலகை மாறினால் நினைவகம் மாற வேண்டும். பல வேளைகளில் மின்வழங்கியும் மாற வேண்டும். இறுதியில் பழையதாக எஞ்சுவது தகரப் பெட்டி மட்டும்.

சென்னையின் கப்ரு

மலிவான கணனிகளைச் சேர்த்துப் பெரிய வேலை செய்யலாம் என்பதை 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகிய இருவரும் செய்து காட்டினார்கள். கடையில் கிடைக்கும் 486 வகைச் செயலிகள் 16ஐச் சாதாரண வலையமைப்பால் இணைத்தார்கள். பேவுல்ஃப் என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பே இந்தியா வேறொரு காரணத்தால் இதே பாதைக்கு வந்திருந்தது. கிரே என்ற அமெரிக்க அதிவேகக் கணனியைப் பெறுவதில் தடைகள் எழுந்தபின், 1988இல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 வெளிவந்தது. ஒரு பெரிய செயலியைச் செய்ய முயலாமல், பல சிறிய செயலிகளை இணைத்ததுதான் அதன் வழி.

தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டியது சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் நிறுவப்பட்ட கப்ரு. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அதற்கு. 144 கணனிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சியோன் செயலிகள். நொடிக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி கணக்குகளைப் போட்ட அந்தக் கொத்தில் எமது கேள்விக்கான விடையே அமைந்திருக்கிறது. ஒரு பெட்டிக்குள் இரண்டு செயலிகள் வரை வைப்பது இலாபம். நான்கு, எட்டு என்று போனால் அப்படிப்பட்ட பெட்டிகளின் விலை ஆற்றலை விட வேகமாக ஏறிவிடும். ஆகவே இரண்டோடு நின்று, பெட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது. ஆனால் பெட்டிகளுக்கு இடையிலான "நடை"யைக் குறைக்க, விலை கூடிய தனி இணைப்பு வலைக்கும் அவர்கள் செலவிட வேண்டியிருந்தது. இன்னொன்று வாங்குவதும் இலவசமல்ல.

2005இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே சில்லுக்குள் இரண்டு கருக்கள் உள்ள மேசைக் கணனிச் செயலிகளை விற்கத் தொடங்கின. அதன் பின்னர் இரட்டைச் செயலி என்பது தனிச் சிறப்பாக இல்லை. இன்று சட்டைப் பையிலுள்ள கைபேசியே பல கருக்களோடு வருகிறது. ஆனால் கேள்வி மட்டும் முடியவில்லை.

வாவிக்கரைக் கணக்கு

மேற்கு நாடுகளில் எழுதப்படும் கணக்கு, பொருளின் விலையையும் ஆளின் கூலியையும் பார்க்கிறது. ஆளின் மணிநேரக் கூலி அங்கே அதிகம். ஆகவே "புதிதை வாங்கு" என்பது எளிதில் விடையாகிறது. வாவிக்கரையில் கணக்கு வேறு. போர்க்காலத்தில் படுவான்கரையின் பல ஊர்களில் மின்சாரமே இல்லை; மின்கலம் கூடக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பொருளாக இருந்தது. 2022இல் சில வாரங்களுக்குள் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. சம்பளம் அதே இருக்க, இறக்குமதியாகும் கணனியின் விலை அந்த அளவுக்கு ஏறியது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டும் வந்தது. இரண்டு கணனிகள் என்றால் இரண்டுக்கும் மின்சாரம், இரண்டுக்கும் மின்வெட்டுக் காப்பு மின்கலம், இரண்டுக்கும் மென்பொருள் உரிமம். கையில் இருக்கும் பழைய கணனியின் பெறுமதி ரூபாவின் வீழ்ச்சியோடு உயர்கிறது என்பதை இங்கே உள்ளவர்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

அதேவேளை, பழையதைக் காக்கும் விருப்பம் எப்போதும் எம் கையில் இல்லை. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்காத பல கணனிகளில் செயலியும் நன்றாக இருக்கிறது, நினைவகமும் போதும். அவற்றைப் பழையதாக்கியது ஓர் அறிவிப்பு. உறங்கும் செயலியைப் பணம் வாங்கி எழுப்புவதும், விழித்திருக்கும் செயலியை அறிவிப்பால் உறங்க வைப்பதும் ஒரே வணிகத்தின் இரு பக்கங்கள். லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவி அத்தகைய கணனிகளை மேலும் பல ஆண்டுகள் ஓட்டலாம். பாடசாலைகளுக்கு அது வீண் செலவில்லாத வழி.

ஆக, வரலாறு காட்டும் முடிவை இப்படிச் சுருக்கலாம். நினைவகத்தைக் கூட்டுவதும் பழைய வட்டுக்குப் பதிலாகத் திண்ம வட்டைப் போடுவதும் அநேகமாக எப்போதும் இலாபம். செயலியைக் கூட்டுவது, வேலை பிரிக்க முடியாத ஒன்றாக இருந்து, அதன் மென்பொருள் பல செயலிகளைப் பயன்படுத்தி, பொருளும் சந்தையில் இருக்கும்போது மட்டுமே இலாபம். அந்த வாய்ப்பு வாங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. "பிறகு பொருத்தலாம்" என்ற காலி இடத்துக்கு முன்கூட்டிப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். வேலை தனித்தனியாகப் பிரியக்கூடியது என்றால் இன்னொன்றை வாங்குவதே மலிவு. ஆனால் பழையதை எறியாமல் அதற்கு இலேசான வேலையைக் கொடுக்க வேண்டும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து ஊர்ப் பாடசாலைகளுக்குப் பழைய கணனிகளை அனுப்பும் அன்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். காரியாலயம் கழித்துவிட்ட இரட்டைச் செயலி வழங்கி பார்வைக்குப் பெரியது. ஆனால் ஒரு கிராமப் பாடசாலையின் மின்கட்டணத்தை விழுங்கும், பழுதானால் உதிரிப்பாகமும் கிடைக்காது. அதை ஏற்றி அனுப்பும் கப்பற் கூலிக்கு, இங்கேயே உள்ள சாதாரணக் கணனிகள் சிலவற்றுக்கு நினைவகமும் திண்ம வட்டும் வாங்கிப் போடலாம். அனுப்புவதற்கு முன்னர் அந்தப் பாடசாலை ஆசிரியரிடம் எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிநேர மின்சாரம் என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். விலைப்பட்டியல் சொல்லாத விடையை அவர் சொல்வார்.